நாயைப் பார்த்துக் கணக்கெடுப்பவர்

என் தங்கையின் கணவருக்கு உத்தியோகம், செத்த கோழிகளை எண்ணுவது. பறவைகளிடமிருந்து மனிதர்களுக்குத் தாவக்கூடிய காய்ச்சல் எங்காவது தலைகாட்டுகிறதா என்று கண்காணிக்கும் சுகாதாரப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். வாரத்துக்கு எட்டுப் பண்ணை. பண்ணைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சாவுக்கணக்கு'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

"இந்த வாரம் எத்தனை போச்சு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்பவர்கள் குறைவு. நோய் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் கொன்று புதைத்துவிடுவார்கள், கொட்டகையில் ஒரு கோழி மிஞ்சாது. அதனால் அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, இவர் நாயைப் பார்ப்பார். பண்ணை நாய் திடீரென்று கொழுத்திருந்தால், நீட்டிய பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தால், செத்த கோழி எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம்.

சென்ற மாதம் ஒரு பண்ணையில் அப்படித்தான் ஆயிற்று. "ஒண்ணுகூட சாகலைங்க" என்றார் பண்ணைக்காரர். நாய் பிஸ்கட்டைச் சீண்டவில்லை. இவர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். புதுமண் மூடிய குழி. ஒரு மூலையை நாய் தோண்டி வைத்திருந்தது. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு மாதிரி எடுக்கும்போது, உயிரோடிருந்த ஒரு கோழியின் நகம் பட்டுக் கையுறை கிழிந்துவிட்டது. மறுநாள் முடிவு வந்தது. அந்தக் காய்ச்சலேதான். கொட்டகையைக் காலி செய்தார்கள். இவரைப் பத்து நாள் தனியறையில் இருக்கச் சொன்னார்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

தனியறை என்றால் அவர்கள் வீட்டு மாடி அறை. கீழே அவர் மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளிடம் இரக்கம் காட்டாது. தங்கை எனக்குப் போன் செய்தாள். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். பையோடு வந்து மாடிப்படியை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டை வாசலில் வைப்பேன். அவர் ஜன்னல் வழியாகத் தெர்மாமீட்டரைக் காட்டுவார்.

நாலாம் நாள் காலை. "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. நார்மல்தான் அக்கா. நீங்க போய் வேலையைப் பாருங்க."

எண் சரிதான். ஆனால் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையில் சட்டைக் காலர் நனைந்திருந்தது. தலையணை உறையும் ஈரம். காய்ச்சல் இறங்கும்போதுதான் அப்படி வியர்க்கும்.

"மாப்பிள்ளை, ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லையே."

"சரி. மாத்திரை வேகம் மத்தியானத்துக்குள்ள அடங்கிடும். அதுவரைக்கும் இந்தப் படியிலேயே உட்கார்ந்திருக்கேன். அப்ப இன்னொரு தடவை பார்ப்போமா, இல்ல இப்பவே சொல்றீங்களா?"

அவர் அலுவலகப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஜன்னலில் வைத்தார். இரண்டு குழி காலி.

"அங்க நாய் காட்டிக்கொடுத்துச்சு. இங்க தலையணை" என்றேன்.

"விடியற்காலையில நூத்திரெண்டு இருந்துச்சு அக்கா. சொன்னா பொண்ணையும் சேர்த்து ஆஸ்பத்திரியில கொண்டுபோய்த் தனியா போட்டுடுவாங்க. இந்த நிலைமையில அவ எதுக்கு அங்க போய்க் கிடக்கணும்?"

"நீங்க சொல்லலைன்னா காய்ச்சல் படியிறங்காதா?"

போனைக் கையில் எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். "நீங்களே போன் பண்ணிடுங்க. எனக்கு வாய் வரலை" என்றார்.

"அதெல்லாம் வரும். நம்பரைப் போடுங்க."

போட்டார். காய்ச்சலையும் சொன்னார், மாத்திரையை மறைத்ததையும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஆட்கள் வந்து மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். மகளை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. முடிவு வரும்வரை ஜன்னலைத் திறந்துவைத்துத் தன் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தங்கை அன்று ஒரே அலமாரியை மூன்று முறை துடைத்தாள். நான் தடுக்கவில்லை. கைக்கு வேலை இருப்பது நல்லது.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. மேலிருந்து அவர் குரல் இறங்கிவந்தது: "அது இல்லையாம். ஊர்ல சுத்துற சாதாரண ஃப்ளூதானாம்."

"அப்ப அது நான் கொடுத்ததுப்பா" என்றாள் மகள், தன் அறைக்குள்ளிருந்தே. "நீங்க மாடிக்குப் போறதுக்கு முந்தின நாள்வரைக்கும் நான்தானே தும்மிக்கிட்டு இருந்தேன். பாவம், கோழியைச் சந்தேகப்பட்டுட்டோம்."

தங்கை கையில் துணியோடு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஐந்து நாளில் அவள் உட்கார்ந்து அப்போதுதான் பார்த்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், முழு டம்ளரையும் குடித்தாள்.

மீதி நாட்களையும் அவர் மாடியிலேயே கழித்தார், விதி விதிதான். பதினோராம் நாள் வேலைக்குப் போனார். இப்போதெல்லாம் பண்ணையில் எடுத்தவுடன் எண்ணிக்கை கேட்பதில்லையாம். "மறைக்கணும்னு தோணுச்சுன்னா, எதுக்குப் பயப்படுறீங்கன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க. நானும் மறைச்சவன்தான்" என்கிறாராம். சிலர் சொல்கிறார்களாம்.

"அப்போ நாயைப் பார்க்கிறதை விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே பிஸ்கட் பாக்கெட் இருந்தது.