உப்பு ஒரு கல்லு கம்மி

அப்பாவுக்கு முதல் வருஷ திவசம். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், ராயப்பேட்டையிலிருந்து வந்த சாஸ்திரிகளை அப்பாவாகவே பாவித்து இலை போட்டிருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் நான் "திருப்தியா?" என்று சமஸ்கிருதத்தில் கேட்க வேண்டும், அவர் "திருப்தி" என்று சொல்ல வேண்டும். கேட்டேன், சொன்னார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர் அப்படிச் சொல்லமாட்டாரே."

எனக்குக் கோபம் வந்தது. ஈர வேட்டியும் வெறும் வயிறுமாக நிற்பவனுக்கு வராதா? ஆனால் அம்மா சொன்னது பொய்யில்லை. அப்பா ஒருநாளாவது சாப்பாடு திருப்தி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏதாவது குத்தம் சொல்லச் சொல்லுடா. அப்பதான் அவர் வந்து சாப்ட்டார்னு எனக்கு நம்பிக்கை வரும்" என்றாள்.

திவசச் சாப்பாட்டை நல்லதென்றோ கெட்டதென்றோ பேசக்கூடாது என்பது சாஸ்திரம். சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரசத்துல உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க நாக்குலதான் கோளாறு."

கதவே அதிர்ந்தது. ஒரு வருஷமாக அம்மா அப்படிக் கத்தி நாங்கள் கேட்கவில்லை.

சாஸ்திரிகள் அரண்டுபோனார். "இல்லேம்மா, நெஜமாவே கம்மிதான்."

"அவரும் இதையேதான் சொல்லுவார்" என்றாள் அம்மா, பரம திருப்தியோடு.