லிவர்மோர் காற்றில் போன கொசு

சீனத் தொலைக்காட்சியில் ஓர் இளைஞர் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு கொசுவைப் பிடித்துக் காட்டினார். அது கொசு அல்ல, ராணுவ ட்ரோன். இலை போல இரண்டு சிறகுகள், முடி போன்ற கால்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லிவர்மோரில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனியும் வேவு பார்க்கும் பூச்சி ட்ரோன்தான் செய்துகொண்டிருந்தது. எங்களுடையது தும்பி அளவு. முந்தின நாள் வரை அதைச் சின்னது என்று நம்பியிருந்தோம்.

எங்கள் டைரக்டர் சென்னைக்காரர். மீட்டிங்கில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"பாத்தீங்கல்ல? அவங்க கொசு சைஸுக்குப் போய்ட்டாங்க. நாம இன்னும் தும்பிய வெச்சு டெமோ குடுத்துட்டிருக்கோம்."

"தும்பி கேமரா தூக்குதுங்க. அவங்க கொசு என்ன தூக்கும்னு வீடியோல சொல்லவே இல்லையே," என்றேன்.

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. சைஸ்தான் கேப்பாங்க."

சீன மொழி விளக்கத்தை ஒரு ஆப் மொழிபெயர்த்தது. 'இப்பூச்சி போர்க்களத்தில் அடக்கமாக நடந்துகொள்ளும்' என்றது. அடக்கம் என்றால் என்ன ராணுவ உத்தி என்று வெகுநேரம் விவாதித்தோம். சீனாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் என் பக்கத்து மேசையில்தான் வேலை செய்கிறார். விஷயம் ரகசியமானது என்பதால் அவரை மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. பிறகு நான் கேட்டபோது, "கண்ணில் படாமல் வேலை செய்யும், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

நாங்களும் கொசு அளவுக்கே போவது என்று முடிவானது; சிறகு ஒட்ட ஆள் வேண்டுமென்பதால் ரகசியத்தை மறந்து அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரும் நானும் மைக்ரோஸ்கோப்பின் கீழே சிறகு ஒட்டினோம். பெருமூச்சு விட்டால்கூடச் சிறகு பறந்துவிடும். முதல் கொசு கண்ணாடிப் பெட்டிக்குள் எழும்பியபோது கத்தக்கூட முடியாமல், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

டெமோ பார்க்க வாஷிங்டன் ராணுவத் துறையிலிருந்து கோட் போட்ட மூன்று பேர் வந்தார்கள். டைரக்டர் வெளியே புல்வெளியில் பறக்கவிடச் சொன்னார்.

"வெளிய வேண்டாங்க. இந்த ஊர் காத்து தெரியும்ல? மலை மேல அத்தன காத்தாலைய சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க?"

"பெட்டிக்குள்ள பறந்தா டாய்னு நெனைப்பாங்க. ஜஸ்ட் ஒரு நிமிஷம், manage பண்ணுங்க."

என் உள்ளங்கையிலிருந்து அது அழகாக எழும்பியது. கண் உயரம் வரை வந்தது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

வந்தவர்களில் மூத்தவர் கண்ணைச் சுருக்கி நாலாபுறமும் பார்த்தார். "அற்புதம்! எனக்குத் தெரியவே இல்லை," என்றார்.

டைரக்டர் இமைக்காமல், "அதுதானே நோக்கம்," என்றார்.

"இப்போது எங்கே இருக்கிறது?"

"நம்மைச் சுற்றித்தான்."

மூவரில் ஒருவர் அவசரமாக டையைச் சரிசெய்துகொண்டார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

அவர்கள் போனபின் நானும் பக்கத்து மேசைக்காரரும் காய்ந்த புல்சரிவில் மண்டியிட்டுத் தேடினோம். செத்த தேனீக்கள் கிடைத்தன. நிஜக் கொசு ஒன்று அவர் கழுத்தில் உட்கார்ந்தது. அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்முடையது இல்லை" என்றேன். அதற்குள் அது கடித்துவிட்டது. பொழுது சாயும் வரை தேடியும் கிடைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தையே தொலைத்துவிட்டதுபோல் இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "வெயிட், யூ லாஸ்ட் எ ஸ்பை ட்ரோன்?"

"தொலைக்கலடி. இன்னும் கெடைக்கல."

சில வாரங்களில் அடுத்த கட்டத்துக்கு வாஷிங்டனிலிருந்து ஒப்புதல் வந்தது. கண்ணில் படாத தன்மை மிகச் சிறப்பு என்று பாராட்டியிருந்தார்கள். டைரக்டர் எல்லோருக்கும் கேக் வாங்கினார். கூடவே புது உத்தரவும் போட்டார்: சோதனையில் இனி ஒன்றுகூடத் தொலையக் கூடாது, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி எல்லாவற்றுக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூச வேண்டும்.

இப்போது நாங்கள் இருவரும் மெல்லிய தூரிகையால் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம். அந்த எடையைச் சுமந்துகொண்டு கொசுவால் மேசையை விட்டு எழும்பவே முடியவில்லை.