அன்னார் அக்கா எழுதிய நோட்டீஸ்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மரண அறிவித்தல் எழுதுகிறவள், பேனாவைத் திறந்தாலே ‘அன்னார்’ என்று தொடங்குகிறவள், ஆகவே ‘அன்னார் அக்கா’. அழுதுகொண்டு வருகிறவர்கள் அரைகுறையாகச் சொல்வதை நாலு வரியில் கௌரவமாக அடக்கிவிடுவாள். அந்த வேலையில் அவளை அடிக்க ஆளில்லை.

அவளுடைய தங்கை, பார்த்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே செருப்புக்கடை திறந்தாள். “வீட்லயே எழுதுறவ இருக்கும்போது வெளியாள் எதுக்கு?” என்று கடைத் திறப்பு நோட்டீஸை அக்காவிடம் விட்டாள். கடைவேலை மும்முரத்தில் எழுதியதைப் படிக்கக்கூட இல்லை. கெட்டிக்காரிதான், என்ன செய்வது!

திறப்பு நாளில் வந்தது நாலைந்து பேர். எல்லார் முகமும் தொங்கிக் கிடந்தது. தங்கையின் பழைய முதலாளி கையில் மலர்வளையம்.

“நீ... நல்லாத்தான் இருக்கியாம்மா?” என்றார்.

தங்கை அவரிடமிருந்த நோட்டீஸைப் பிடுங்கிப் பார்த்தாள். சுற்றிலும் கறுப்புக் கட்டம், மேலே அவள் பெயர். ‘அன்னார், காலஞ்சென்ற தம்பதியரின் பாசமிகு புதல்வியும், அனைவரின் நன்மதிப்பைப் பெற்றவரும் ஆவார். அன்னாரின் கடை வெள்ளிக்கிழமை திறக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.’ முதல் வரியையும், கிழமையையும், அடியில் இருந்த விலாசத்தையும் தவிர யாரும் எதையும் படித்திருக்கவில்லை.

“உயிரோட இருக்கும்போதே என்னைப் புதைச்சிட்டியேக்கா!”

“ஒரு எழுத்துப்பிழை இருக்கா, சொல்லு!” என்று சீறினாள் அக்கா.

பிழை இல்லைதான். வியாபாரமும் இல்லை. “இந்த மாசம் பார்ப்பேன். ஈ ஓட்டுறதுதான் பொழப்புன்னா, மூடிட்டுப் பழைய வேலைக்கே போயிடுவேன்” என்றாள் தங்கை. அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

விடுப்பு போட்டுவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றாள். மரண அறிவித்தலை ஜனங்கள் தேடிப் படிக்கிறார்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று விரல் வைத்துப் பார்க்கிறார்கள். இந்தத் தெருவில் யாரும் எதையும் தேடவில்லை. வேலை முடிந்த நர்ஸுகள் கால் மாற்றிக் கால் மாற்றிப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி, வெறுந்தரையில் பாதத்தை வைத்து, “அப்பாடா!” என்றாள்.

அக்காவுக்குப் பொறி தட்டியது. செருப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் வைத்தாள்:

‘கால் வலிக்குதா? உள்ளே வந்து உட்காருங்க. வாங்கணும்னு இல்லை. அப்பாடா!’

“கடைப் பேரே இல்லையேக்கா?”

“பஸ்ஸுக்கு நிக்கிறவளுக்கு உன் பேரு, பரம்பரை எல்லாம் எதுக்குடி? அவளுக்குக் காலு வலிக்குது!”

அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னாலேயே இரண்டு பேர். உட்கார்ந்த காலைத் தங்கை சும்மா விடுவாளா? மெத்தென்ற செருப்பாக எடுத்து மாட்டிவிட்டாள். மாட்டியவர்கள் கழற்றவில்லை. மாதக் கடைசியில் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் பழைய முதலாளியும் முண்டியடித்து வந்தார். “உன் இடம் இன்னும் காலியாத்தாம்மா இருக்கு. எப்போ வர்றே?”

தங்கை நிமிரக்கூட இல்லை. ஒரு நர்ஸின் காலுக்கு அளவு பார்த்தபடியே குரல் கொடுத்தாள்.

“அக்கா, சாருக்கு உன் பாஷையிலயே ஒண்ணு எழுதிக் குடு. அன்னார் இனி திரும்பி வரமாட்டார்னு!”