முனியன் கேட்காமல் விட்ட கேள்வி

போன செவ்வாய்க்கிழமை, கிள்ளான் ஸ்டேஷனில் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் எதிரே வந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"என்னைத் தெரியுதுங்களா ஐயா? முனியனுங்க."

தெரியாமலா! மூன்று வருஷத்துக்கு முன் கோர்ட்டில் அவனுக்கும் மாஜிஸ்திரேட் துரைக்கும் நடுவே நின்ற இன்டர்பிரிட்டர் நான்தானே. 'இரண்டு வருஷம் கடுங்காவல்' என்று தமிழில் சொன்னதும் இந்த வாய்தான்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டமே கோயில் திருவிழாவில் இருந்தபோது, ஸ்டோரிலிருந்து இரண்டு மூட்டை ரப்பர் ஷீட் களவு போனது. மூன்று மாசம் கழித்துச் சடையன் என்பவன் பிடிபட்டான். பிடிபட்டவன் அப்ரூவர் ஆகிவிட்டான் — கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பித்துக்கொள்கிற ஏற்பாடு. 'முனியனும் நானும் ஆளுக்கொரு மூட்டை தூக்கினோம்' என்றான். வேறு சாட்சி? கிடையாது. முனியன் வீட்டில் ஏதாவது அகப்பட்டதா? அதுவும் இல்லை.

இந்தியாவின் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் இங்கே நம்முடையதும். குற்றத்தில் கூட்டாளியாக இருந்தவன் பேச்சை, பக்கபலம் இல்லாமல் லேசில் நம்பாதே என்கிறது. அங்குள்ள கோர்ட்டுகளில் அதைக் காற்றில் பறக்கவிடுகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் வாய் கிழியப் பேசியவன் நான்...

சடையன் சொல்லி முடித்ததும், முனியனைப் பார்த்து, 'சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா' என்றார் துரை. நான் தமிழில் சொன்னேன். முனியன் கையைக் கட்டித் தலை குனிந்தான்.

"தொரைக்குத் தெரியாததாங்க..."

தோட்டத்து ஆள் வெள்ளைக்காரன் முன்னால் வேறெப்படிப் பேசுவான்? எதிர்க்கேள்வி கேட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர். மறுநாள் வேலை இருக்காது. எனக்கு இதெல்லாம் தெரியும். 'பயப்படாதே, கேட்பது உன் உரிமை' என்று அவனுக்குச் சொல்லும்படி துரையிடம் கேட்டிருக்கலாம். இவர்கள் எதிர்த்துப் பேசாத வழக்கத்தைத் துரைக்கு விளக்கியிருக்கலாம். செய்தேனா? அன்றைக்கு இன்னும் ஏழு கேஸ் பாக்கி. "நோ கொஸ்டின்ஸ்" என்று முடித்துவிட்டேன்.

தன் முறை வந்தபோதும், நான் செய்யலீங்க என்பதற்கு மேல் முனியன் பேசவில்லை. துரை தீர்ப்பில் எழுதினார்: சடையன் சொன்னதை இவன் மறுத்துக் கேட்கவில்லை, ஆகவே அது உண்மை. பயந்தவனின் மௌனமே பக்கபலமாகிவிட்டது.

ஸ்டேஷனில் முனியனுக்கு ஒரு சந்தேகம். சாட்சியை நாமே கேள்வி கேட்கலாம் என்று ஜெயிலில் ஒருவன் சொன்னானாம். நெசமா என்றான். நெசம்தான் என்றேன். கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்றேன்.

வலது கையைத் தடவிக்கொண்டான்.

"திருவிழாவுக்கு முந்தின வாரம் பாலத்துல வழுக்கி விழுந்து, கை ஒடைஞ்சு கெடந்தேனுங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான் கட்டுப் போட்டாங்க. ஒடைஞ்ச கையோட மூட்டைய எப்புடிடா தூக்குனேன்னு கேட்டிருப்பேனுங்க."

கேஸ் வருவதற்குள் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தைத் திறந்து பார்க்க அந்த ஒரு கேள்வி போதும். இரண்டு வருஷம்!

என் முகத்தைப் பார்த்து அவனே சமாதானம் சொன்னான்.

"நீங்க கேட்டீங்களே ஐயா, நாந்தான் வாயத் தொறக்கல. தப்பு எம்மேலதாங்க."

ரயில் வந்தது. அவன் சொன்னதை மறுக்காமலே ஏறிவிட்டேன்.

மறுக்காதது உண்மையாகிவிடும் என்பது துரையின் தீர்ப்பு. ஆகவே, காலம் கடந்தாவது இங்கே மறுக்கிறேன் — தப்பு என்மேல்தான், முனியா.