இருநூற்றுப் பன்னிரண்டு வாத்துகள்

நீரேற்று நிலையத்தில் அவருக்கு நீர்க்காகம் என்று பெயர். கறுத்த, ஒல்லியான ஆள், கழுத்து நீளம். வேலை இல்லாத நேரத்தில் ஏரிக்கரையில் கைகளை லேசாக விரித்தபடி நின்றுகொண்டிருப்பார். பெயர் வைத்தவர் அங்கே வேலை பார்த்த ஃபிட்டர். அது ஒட்டிக்கொண்ட பிறகு சொந்தப் பெயர் கையெழுத்துக்கு மட்டுமே பயன்பட்டது.

வேலை எளிது. மணிக்கு ஒரு முறை கரையோரத் தண்ணீரில் நட்ட அளவுக்கல்லைப் பார்த்து, ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மீதி நேரம் முழுக்க ஏரிதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பழைய புத்தகக் கடையில் கிடைத்த அட்டை போன பறவைக் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் கற்றார். பிறகு கவிதை எழுதினார். முப்பத்தொரு கவிதைகளைத் தானே தொகுப்பாக அச்சிட்டார். பெரும்பாலான பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. கட்டில் கால் ஆடியபோது மனைவி இரண்டு பிரதிகளை எடுத்து முட்டுக் கொடுத்தாள்.

"உங்க கவிதையாலதான் இந்தக் கட்டில் நிக்குதுன்னு யார் கேட்டாலும் சொல்லுவேன்" என்றாள்.

ஒரு பிரதி நாளிதழின் ஞாயிறு இணைப்பு ஆசிரியர் கையில் அகப்பட்டது. அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கவிஞரே, உவமையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. பாத்ததை மட்டும் எழுதுங்க. வாராவாரம் போடுறேன்."

பத்தி அப்படித் தொடங்கிப் பதினெட்டு வருஷம் ஓடியது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் தேதி, நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை. மூன்று முறை எண்ணுவார். மூன்றில் நடுவில் வரும் எண்ணைத்தான் எழுதுவார். போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. பதினோராவது வருஷம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

அந்த வருஷம் மகளுக்கு அறுவைச் சிகிச்சை. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தங்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் ஆசிரியர் போன் செய்தார்.

"பொண்ணு எப்படி இருக்கு?"

"இன்னும் கண்ணு முழிக்கல."

"எல்லாம் சரியாயிடும். தைரியமா இருங்க." கொஞ்சம் தயங்கினார். "இந்த வாரப் பக்கம் சாயங்காலம் அச்சுக்குப் போவுது. நாலு பாரா போதும் கவிஞரே."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்த நோட்டைப் புரட்டினார். போன வருஷம் இதே வாரம்: தெளிந்த வானம், தளும்பும் தண்ணீர், காட்டு வாத்துகள் இருநூற்றுப் பன்னிரண்டு. போன வருஷம் வந்த வாத்து இந்த வருஷமும் வந்திருக்கும். தேதியை மட்டும் மாற்றிப் போனிலேயே சொல்லி முடித்தார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஊர் திரும்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மதகுக் கதவு உடைந்து, மாற்றுவதற்காக ஏரியை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பத்து நாள் வெறும் சேறு. அவர் வந்தபோது ஆற்றுத் தண்ணீர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

நாலு வரியில் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனார்.

"யாரு பாக்கப் போறா? நம்ம மூஞ்சில நாமளே சேத்தை வாரிப் பூசிக்கணுமா?" என்றார் ஆசிரியர்.

தாள் சட்டைப் பைக்குத் திரும்பியது. மனைவி துவைக்கும்போது எடுத்துப் படித்தாள்.

"பொய்யா எழுதினீங்க? போன வருஷத்து நெசத்தைத்தானே எழுதினீங்க!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருத்தம் வெளிவரவேயில்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு நிறுவனம் ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டக் கிளம்பியது. இது மழைக்குத் தேங்கும் பள்ளம், பறவை கிறவை எதுவும் கிடையாது என்று அதன் மனு சொன்னது. அது பொய் என்று காட்ட ஊரில் வேறு எந்த ஆதாரமும் இல்லை, அவருடைய பத்தி ஒன்றைத் தவிர. கரையோரத்துக் குடியிருப்புக்காரர்கள் பதினெட்டு வருஷக் கட்டுரைகளையும் வெட்டி ஒட்டி, மூன்று தொகுதியாகக் கட்டி, விசாரணைக் கூட்டத்தில் மேசை மேல் வைத்தார்கள். ஏரி நிற்பதும் போவதும் இனி அந்தக் காகிதக் கட்டுகளைப் பொறுத்தது.

நிறுவனத்தின் வக்கீல் மிக மரியாதையான மனிதர்.

"ஐயா, நீங்க நேர்ல பாக்காம எழுதுறது உண்டா?"

"கிடையாது."

"ஒரே ஒரு வாரம்கூட?"

அப்போது சொல்லியிருக்கலாம். மகள் கதையைச் சொன்னால் கேட்க அந்த அறையில் ஆள் இருந்தது. ஆனால் முன்வரிசையில் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கத்தரிக்கோலும் பசையுமாக ஒரு மாதம் உழைத்தவர்கள்.

"இல்ல" என்றார்.

வக்கீல் நீரேற்று நிலையத்தின் பழைய பதிவேட்டை எடுத்தார். நாளெல்லாம் அவரே எழுதும் அதே பதிவேடு.

"இந்தத் தேதியில தண்ணி மட்டம் பூஜ்யம்னு போட்டிருக்கு. நீங்க இருநூத்திப் பன்னெண்டு வாத்து நீந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எதுலங்க நீந்துச்சு?"

அறை சிரித்தது. வெட்டி ஒட்டியவர்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி மூன்று தொகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார்.

"என் வீட்லயும் உங்க பத்தியைப் படிப்பாங்க. ஆனா ஒரு வாரம் இப்படின்னா மத்த வாரத்தை நான் எப்படி நம்புறது?"

வெளியே வாசலில் ஃபிட்டர் பீடியோடு நின்றிருந்தார். அந்தப் பத்து நாள் இவருக்குப் பதிலாக மட்டம் பார்த்து பூஜ்யம் போட்டவர் அவர்தான்.

"ஏம்ப்பா நீர்க்காகம், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தப் பத்து நாளும் சேத்துல உள்ளானும் கொக்கும் ஈ மொய்க்கிற மாதிரி மொய்ச்சுது. மீனெல்லாம் மேல துள்ளுது, விடுமா? முப்பது வருஷத்துல அவ்வளவு பறவைய நான் பாத்ததே இல்ல."

"பதிவேட்டுல எழுதியிருக்கலாமே?"

"அதுல ஏது அதுக்குக் கட்டம்? தண்ணி எவ்வளவுன்னு கேக்குது. பூஜ்யம்னு போட்டேன்."

ஒரு போனில் கேட்டிருந்தால் பதினெட்டு வருஷத்தின் மிகச் சிறந்த கட்டுரை அந்த வாரம் வந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பிய பிறகும் தோன்றவில்லை. அந்தக் கரையில் பறவையைப் பார்க்கிற ஆள் தான் ஒருவன்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பத்தி நின்றது. அந்த இடத்தில் பால்கனியில் செடி வளர்ப்பது எப்படி என்று வேறொருவர் எழுதத் தொடங்கினார். லாரிகள் இரண்டு வருஷம் மண் கொட்டின. நிலையம் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறியது. ஆனால் பதிவேட்டின் அச்சு மாறவில்லை. ஏரி மட்டத்துக்கான கட்டம் அதில் அப்படியே இருந்தது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

மணிக்கு ஒரு முறை எழுந்து வெளியே போனார். அளவுக்கல் கழுத்து வரை மண்ணில் புதைந்து, மேலே இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து பார்ப்பார். திரும்பி வந்து பூஜ்யம் எழுதுவார்.

"உள்ள உக்காந்தே போட வேண்டியதுதானே? யாரு கேக்கப் போறா?" என்றார் ஃபிட்டர்.

அவர் அடுத்த மணி அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.