நானா சொன்ன கடைசிச் சுற்று

சிலாபத்துத் தியேட்டரில் படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் கதிரையில் இருந்த ஸ்டோர் மாஸ்டர் எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர்கள் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் இருக்கச் சொன்னார்கள். அவர் திரையைப் பார்த்தபடியே, யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், "இது பொய்" என்றார். பிறகு என் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி அது. கதவு திறந்தபோது வெயில் ஒரு தடவை உள்ளே வந்து போனது. நானும் எழுந்து அவர் பின்னால் போனேன். அவருக்காகப் போனேன் என்று சொல்லமாட்டேன். போகாவிட்டால் திங்கட்கிழமை எப்படி அவர் முகத்தில் விழிப்பது என்ற பயத்தில்தான் போனேன்.

அந்த நாட்களில் நான் புத்தளம் களப்போரத்து உப்பளம் ஒன்றில் கிளார்க். அவர் அங்கே களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று லொறிக்காரர்கள் சொல்வார்கள். பூட்டைப் பூட்டியபின் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி போனபின் திரும்பி வந்து மூன்றாம் தடவையும் இழுப்பார். ஒரே கேள்வியைக் காலையில் ஒரு விதமாகவும் பின்னேரம் வேறு விதமாகவும் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். தேத்தண்ணி ஊற்றுவதைத் தன் கண்ணால் கண்டால்தான் குடிப்பார். நான் கனமூலையில் பிறந்து வளர்ந்தவன். அவர் மன்னாரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு தோணியேறிக் கற்பிட்டியில் இறங்கி, முகாம் முகாமாக இருந்து, கடைசியில் கரைத்தீவில் வீடு கட்டிக்கொண்டவர். அப்படி வந்தவர்கள் வேலையையும் காணியையும் பிடித்துக்கொள்வார்களோ என்ற கதை எங்கள் ஊர்களில் நீண்டகாலம் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது. முப்பது வருடம் கழிந்தும் 'நீங்க எந்த ஊர்' என்று கேட்கிற ஆட்களை எப்படி நம்புவது என்று அவர் ஒருமுறை என்னிடமே கேட்டிருக்கிறார். அவருடைய சந்தேகமும் எங்களுடைய சந்தேகமும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்து வேலை பார்த்தன.

ஆகவே, அந்தக் குத்துச்சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, ஞாயிறு போவோமா என்று அவர் கேட்டபோது நான் அதைச் சாதாரணமாக எடுக்கவில்லை. அந்தக் கிழமைதான் உப்பு மூட்டைகளை மழைக்கு மூடுகிற புதுப் படங்கு ஒன்று களஞ்சியத்திலிருந்து காணாமற் போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருத்தி என் வாயைக் கிளறப்போகிறார் என்று நினைத்தேன். மதுரங்குளியில் ஏறியதிலிருந்து அவர் வாய் திறக்கும்போதெல்லாம் படங்கின் பேச்சு வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. முதற்படத்தின் கதையைத்தான் சிலாபம் வரை சொல்லிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவன் குத்துச்சண்டை பழகி, பெரிய இடத்து வீரன் ஒருவனோடு மோதுகிற கதை. நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். இத்தனை கதை எதற்கு, எங்கே கொண்டுபோய் முடிக்கப்போகிறார் என்ற சந்தேகத்தில் பாதியைத்தான் கேட்டேன். படங்கு பத்து நாளில் ஒரு லொறியின் சீட்டுக்குக் கீழே கிடைத்தது. என்னை அவர் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். கூடப் போக அவருக்கு ஆள் இருக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

நான் தியேட்டரைவிட்டு வெளியே வந்தபோது மாஸ்டர் பஸ் நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டாம் பாகம் முதற்பாகத்தின் கடைசிக் காட்சியோடுதான் தொடங்கியிருந்தது. கடைசிச் சுற்றில் கதாநாயகன் விழுகிறான். நடுவர் பத்து வரை எண்ணுகிறார். எழும்பவில்லை. வென்றவன் பக்கத்தில் முழங்காலிட்டு, விழுந்தவனின் வாயிலிருந்து பல்லுறையை மெல்ல எடுத்துவிடுகிறான். அந்த இடத்தில்தான் மாஸ்டர் எழுந்தார்.

"அவன் வெண்டவன் தம்பி. ஒம்பது எண்ணக்குள்ள எழும்பி, இடது கையால ஒரே அடி. அத மாத்திட்டானுகள்" என்றார்.

நான் பார்த்த படத்திலும் தோற்றுத்தான் போனான் என்று சொன்னேன். எங்கே பார்த்தேன், எப்போது, கூட யார் இருந்தது, இடையில் எழும்பிப் போனேனா என்று விசாரணை தொடங்கியது. பிறகு தன் நியாயத்தைச் சொன்னார்.

"வெண்டவனுக்கு ரெண்டாம் பாகம் எதுக்கு? தோத்தாத்தானே இன்னொரு படம் எடுக்கலாம். அதுக்காகப் பழசையே திருத்தியிருக்கிறானுகள். டீவியில போட்டதும் திருத்தினதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தான் அந்த முடிவைக் கண்ணால் கண்டதில்லை என்பதையும் அவரே சொன்னார். மன்னாரில், பக்கத்து வீட்டு வளவில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் படம் போட்டார்கள். கடைசிச் சுற்று நடக்கும்போது ஜெனரேட்டர் மண்ணெண்ணெய் இல்லாமல் நின்றுவிட்டது. நாளைக்குப் போடலாம் என்றார்கள். அந்த நாளை வரவில்லை. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகும்படி இயக்கத்திடமிருந்து உத்தரவு வந்தது. தோணியில்தான் அவருடைய நானா, அவரைவிட எட்டு வயது மூத்த அண்ணன், மிச்சக் கதையைச் சொன்னாராம். தோணி ஆட ஆட, இரண்டு கைகளையும் மடக்கிக் காட்டி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணி, எழும்பி, அடித்து. பக்கத்தில் இருந்த பெண்கள்கூடக் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தார்களாம். "நானா முன்னமே பாத்தவர். நானா சொன்னா சரி" என்று முடித்தார். யாரையும் நம்பாத மனிதர் ஒருவர் இப்படிச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பேச்சு மறைந்துவிடும் என்று நினைத்தேன். மறையவில்லை. காலையிலும் பின்னேரமும் அதே கேள்விகள். என் போனில் பழைய படத்தைத் தேடிக் காட்டினேன். போனில் வருவதெல்லாம் புதிதாகச் செய்து ஏற்றியது, பழைய கசட் இருந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். கனமூலையில் ஒருகாலத்தில் கலியாண வீடியோ எடுத்த ஒருவரிடம் டெக்கும் இரண்டு பெட்டி கசட்டும் கிடந்தன. பெட்டியில் அந்தப் படமும் இருந்தது. அடுத்த ஞாயிறு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கசட்டைக் கையில் வாங்கி, திருகாணிகளை யாராவது கழற்றிப் பூட்டியிருக்கிறார்களா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் போடச் சொன்னார். திரையில் கோடுகள் ஓடின, நிறம் பச்சையாகப் போயிருந்தது, சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கடைசிச் சுற்றில் அவன் விழுந்தான். எழும்பவில்லை. பின்னுக்கு ஓட்டி மறுபடியும் பார்த்தோம். மூன்றாம் தடவை நடுவரோடு சேர்ந்து மாஸ்டரும் உதட்டுக்குள் எண்ணினார். ஒன்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்; நடுவர் பத்தையும் எண்ணினார்.

வீடியோக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எங்கே ஊற்றியது என்று பார்க்காமலே மாஸ்டர் எடுத்துக் குடித்தார். எனக்கு அப்போதுதான் உண்மையாகப் பயம் பிடித்தது. திரும்பி வரும் வழியில், நான் கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். கற்பிட்டியில் இறங்கி ஒரு கிழமைக்குள் நானா திரும்பிப் போனாராம். வீட்டுக் கூரைக்குள் செருகி வைத்த காணி உறுதியை எடுத்துவர. "ரெண்டு நாள்ல வந்துருவன்" என்று தம்பியின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. கடலா, ஆட்களா, எது என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தோணிக்கரையில் எத்தனை நாள் போய் நின்றார் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"படத்தில பொய் சொன்னவர், அதிலயும் சொல்லியிருப்பாரோ தம்பி? வரமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் போனவரோ?"

 ஒரு படத்துக்குப் போய் இந்த மனிதரின் கையில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையையும் உடைத்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. கசட்டைத் தேடிக் கொடுத்தவன் நான். நான் சொன்னதுதான் சரி என்று காட்டுகிற ஆசையும் அதில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கரைத்தீவு வரை கூடவே போனேன்.

அவருடைய உம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். முற்றத்தில் பாய் விரித்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, நானா அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவரா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. உம்மா கையிலிருந்த கொத்தைப் பாயில் வைத்தார்.

"அவன் எங்க பாத்தான்? அந்தப் படம் ஊருக்கு வந்ததே அண்டைக்குத்தான். போகச் சொல்லப்போறாங்க எண்டு கேள்விப்பட்டு அவன் அந்த நாள் முழுக்கத் தோணி கேட்டு அலைஞ்சவன். நீதான் தோணியில ஓயாம அழுதாய். வீட்ட விட்டதுக்கில்ல, படம் முடியாமப் போனதுக்கு. தோணிக்காரன் ஏசினான். அதுக்குத்தான் அவன் வாயில வந்ததச் சொன்னான்."

"அப்ப ரெண்டு நாள் எண்டதும் வாயில வந்ததுதானா உம்மா?"

உம்மா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அந்நியன் முன்னால் சொல்லலாமா என்ற பார்வை. பிறகு மகனிடமே சொன்னார்.

"மாத்தி உடுக்கச் சாரம் ஒண்டு மடிச்சுக் குடுத்தன். ரெண்டு நாளுக்கு என்னத்துக்கு எண்டு கொடியில போட்டுட்டுப் போனான். வராதவன் அப்பிடிப் போவானா? அது கனகாலம் அந்தக் கொடியிலதான் கிடந்தது. நான் எடுக்கல்ல."

மாஸ்டர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். பாயின் ஓரத்தில் இருந்து ஒரு கொத்து முருங்கையை எடுத்து ஆயத் தொடங்கினார். நான் சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, படத்தைத் தியேட்டரிலிருந்து எடுப்பதற்கு முன், மறுபடியும் சிலாபம் போனோம். இம்முறை அவர் எழும்பவில்லை. இரண்டாம் பாகத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான்: முதற்படத்தில் அடி விழுந்தால் மூச்சுச் சத்தம் கேட்கும், இதில் மேளம்தான் கேட்கிறது. முதற்படத்தில் அவன் சண்டைக்கு முதல்நாளும் மூட்டை சுமந்தான். இதில் தலை நரைத்தபின் மலையுச்சியில் நின்று காற்றில் குத்துகிறான். முதற்படம் தோற்றவனின் முகத்தைப் பார்க்கத் துணிந்தது. இரண்டாம் படத்துக்கு அந்தத் துணிவு இல்லை. பழைய தோல்வியை ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு, இரண்டரை மணித்தியாலம் அதற்குச் சமாதானம் சொல்கிறது. கடைசியில் அவன் வெல்கிறான், ஒரு தடவைகூட விழாமல். சனம் விசிலடித்தது. பணத்துக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஆனால் கசட் விஷயத்துக்குப் பிறகு என் தீர்ப்புகளை நானே கொஞ்சம் சந்தேகிக்கப் பழகியிருந்தேன். அதனால் படம் எப்படி என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.

"பரவாயில்ல" என்றார். பஸ் ஏறி, டிக்கட் எடுத்து, மிச்சத்தையும் சரிபார்த்துப் பையில் போட்டபின் சொன்னார்: "ஆனா நானாட படம்தான் நல்லம். அதில அவன் விழுந்துட்டுத்தான் எழும்பினவன்."

உம்மா காலமானபின், போன வருடம், மாஸ்டர் மன்னாருக்குப் போய்விட்டார். பழைய வளவில் சின்னதாக ஒரு வீடு. உறுதி இல்லாததால் காணிக்கு இன்னும் அலைகிறார். காணிக் கந்தோரில் அதிகாரிகள் யாரும் உண்மை சொல்கிறார்கள் இல்லை என்று போனில் சொன்னார். அந்தப் படத்தின் மூன்றாம் பாகம் வந்திருப்பதைச் சொன்னேன். இந்தத் தடவை அவனுடைய மகன்தான் குத்துச்சண்டை போடுகிறானாம் என்றேன்.  அடுத்து என்னை விசாரிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு அங்கால தியேட்டருக்கு வர ஏலாது. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பி" என்றார்.

சரி என்றேன். இன்னும் போகவில்லை.