ஹருகாவுக்கு ஓர் எழுத்து

வளைகுடாவில், அல் குசைஸ் பகுதியில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பக்கத்து நாற்காலியில் அறந்தாங்கிக்காரர் முருகேசன், கட்டட வேலை பார்ப்பவர். நான் மூன்று வருடம் ஒசாகாவில் இருந்தவன் என்று சொன்னதும், கைபேசி உறைக்குள்ளிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டுகிறார். அதில் ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து.

"எம் மக பேரு சார், ஹருகா. எங்க சைட் எஞ்சினியர் ஜப்பான்காரரு. அவரு மக பேரத்தான் வச்சிருக்கேன். சரியா எழுதியிருக்காரான்னு பாருங்க."

தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு. பெயர் ஒன்றுதான் என்றாலும் எந்த எழுத்தில் எழுதுகிறோமோ அதற்கேற்ப அர்த்தம் மாறும் என்று விளக்குகிறேன். "வசந்தம், வாசனைன்னு ரெண்டு எழுத்துல எழுதியிருந்தா அழகா இருந்திருக்கும். இதுக்கு அர்த்தம் தூரம். பொம்பளப் புள்ளைக்குப் போய் இதையா எழுதிக் குடுத்தாரு?" என்று சிரிக்கவும் செய்கிறேன்.

முருகேசன் சிரிக்கவில்லை.

"ரெண்டு விதமாவுந்தான் எழுதிக் காட்டி அர்த்தம் சொன்னாரு சார். நாந்தான் இத எடுத்தேன். அவ பொறந்து ரெண்டு வருசமாச்சு. லீவு கெடைக்கல. இன்னும் நேர்ல பாக்கல."

டீயைக் குடிப்பதுபோல் குனிந்துகொள்கிறேன். அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. தாளை வாங்கி மடித்தபடியே அவர் கேட்கிறார்.

"எழுத்துல தப்பு ஏதும் இல்லேல்ல சார்?"

"இல்லங்க" என்கிறேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்.